எங்கள் பங்குக்கு வந்த தபேலா

திண்டிவனம் சந்தையில் புதுப்பானையின் மண்வாசனை அடித்தால் மற்றவர்களுக்குத் தாகம் எடுக்கும். எனக்குக் கோபம் வரும். தொண்ணூற்று மூன்றில், இன்று செல்போன் கடையாகிவிட்ட எங்கள் விழுப்புரம் வீட்டில், அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் வாங்கி, பேஸ் நன்றாக வரவேண்டுமென்று இரண்டு ஸ்பீக்கர்களையும் இரண்டு பானைகளின் வாயில் பொருத்தி, பாகப்பிரிவினை நியாயத்தோடு ஒன்றை எங்கள் கூடத்திலும், மற்றொன்றை ஒன்றரை அடி கனமுள்ள சுவருக்கு அப்பால் பெரியப்பாவின் கூடத்திலும் வைத்தார்கள்.

“ரெண்டும் ஒரே ரூம்ல இருக்கணுங்க, ஸ்டீரியோன்னா பாதிப் பாட்டு இதுல, பாதி அதுல வரும்” என்று கெஞ்சினார் மெக்கானிக்.

“அண்ணன் வூட்ல ரெண்டு, என் வூட்ல ஒண்ணும் இல்லியா? பேஜாரு பண்ணாம ஒயரை இழுய்யா” என்றார் அப்பா.

அன்றிலிருந்து எங்கள் பக்கம் அலமாரிக் கண்ணாடி கிடுகிடுக்கத் தபேலா அதிர்ந்துகொண்டே இருந்தது. நானும் இசையென்றால் அதுதான் என்று நம்பி, பள்ளியில் சங்கீத விமர்சகனாக வேறு திரிந்தேன். போன வாரம் மகனின் ஹெட்போனை மாட்டியபோதுதான், என் உயிருக்குயிரான பாட்டில் ஒரு புல்லாங்குழல் இருப்பதே தெரிந்தது. கொதித்துப்போய்ப் பெரியப்பா மகனுக்குப் போன் செய்தேன்.

“எங்க புல்லாங்குழலை இத்தினி வருஷமா நீங்களே வச்சிக்கினு இருந்தீங்களாண்ணா?”



“அந்தப் பாட்டுல தபேலா வேற வருதாடா?” என்றார் அண்ணன்.