இருபது கேபிக்குள் அடங்காத தழும்பு

இரண்டு வருஷத்துக்கு முன், ஆடிப்பூரத் தேருக்கு மறுநாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் என் ஜெராக்ஸ் கடையில் நடந்தது இது. பத்தாவதோடு நின்றவன் நான். கம்ப்யூட்டரெல்லாம் பார்த்துப் பழகியதுதான். அப்போது கிருஷ்ணன்கோவிலில் கணிதத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணின் ஆய்வேட்டை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். தலைப்பு, நேரியல் அல்லாத தோராயம். விளங்கவில்லை என்றதும் அவரே சொல்லித் தந்தார். ஒரு படத்தை ஆயிரக்கணக்கான சிற்றலைகளாகப் பிரிக்கலாமாம். எந்த அலை வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல், அந்தந்தப் படத்தில் எவை பெரிதோ அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளினாலும் படம் ஏறக்குறைய அப்படியே இருக்குமாம்.

"நீங்க போட்டோவச் சின்னதாக்குறீங்கள்ல அண்ணாச்சி, உள்ள நடக்கிறது கிட்டத்தட்ட இதுதான்" என்றார். எனக்கு ஒரே பெருமை.

அன்றைக்குச் செட்டியார்பட்டியிலிருந்து ஓர் அம்மா வந்தார். மில்லில் வேலை பார்த்த கணவர் இறந்து மூன்று மாதம். உதவித்தொகை மனுவோடு கம்ப்யூட்டரில் ஏற்ற அவருடைய படம் இருபது கேபி அளவுக்குள் இருக்க வேண்டும். போனில் இருந்ததோ ஒரே ஒரு படம். கடையில் கூட்டம். மெமரி கார்டைக் கழற்றிச் செருகி, கார்டுக்குள்ளேயே சுருக்கி, பழைய பெயரிலேயே சேமித்துவிட்டேன். நகல் எடுக்கிற நேரம் மிச்சம் என்று என் வழக்கம் அது.

கார்டைத் திரும்பப் போட்டுக் கொடுத்ததும், அந்த அம்மா போனில் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அண்ணே, இவிய தாடையில ஒரு தழும்பு உண்டு. அதக் காணோமே?"

அரைகுறை ஞானம் சும்மா இருக்குமா? "பெரிசா உள்ளது அம்புட்டும் அப்படியே இருக்கும்மா" என்றேன்.

"பெரிசெல்லாம் எனக்கு எதுக்குண்ணே?" என்றார்.

பழைய படத்தின் மேலேயே சேமித்து அதை அழித்துவிட்டது அப்போதுதான் உறைத்தது. கார்டை மறுபடி வாங்கிச் செருகித் தேடினேன், பழைய படம் மீளவில்லை. ஆராய்ச்சிப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "தள்ளுனது தள்ளுனதுதான் அண்ணாச்சி. வேற எங்கயும் ஒரிஜினல் இல்லியா?" என்றார். கடைசியாக, மங்கின படத்தைத் தெளிவாக்கும் ஓர் ஆப்பில் போட்டேன். முகம் பளபளவென்று வந்தது. அந்த அம்மா குனிந்து பார்த்தார்.

"ஆளு நல்லாத்தான் இருக்காரு. ஆனா எங்க வீட்டுல இருந்தவிய இல்ல."

கார்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மனு ஏற்றியாகிவிட்டது, ஆபீசுக்குச் சுருக்கின அந்த முகமே போதுமாம். இப்போது யார் படம் கொண்டுவந்தாலும் முதலில் நகல் எடுத்துவிட்டுத்தான் தொடுகிறேன். ஆனாலும், ஓர் அம்மாவுக்கு மிச்சமிருந்த தழும்பைச் சிறிசு என்று தள்ளியது என் கைதான் என்பது ஒவ்வொரு முறையும் நெஞ்சில் இடறுகிறது.