ஏ.இ. சொல்லாத டிரைவர்

கொரோனா பயம் ஓய்ந்து, ஜனங்கள் முகக்கவசத்தைக் கழற்றிப் போட்ட சமயம். நாங்கள் இருப்பது சேரன்மகாதேவி. என் வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மாஞ்சோலை மலைப்பாதையில் வருஷக்கணக்காக வண்டி ஓட்டியவர். அப்பேர்ப்பட்ட கைக்கு முடக்குவாதம் வந்து, தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகக்கூட என்னைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. பாளையங்கோட்டையில் நாங்கள் காட்டிக்கொண்டிருந்த தனியார் மருத்துவமனையில், புதிய மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சி நடப்பதாகவும், விருப்பம் இருந்தால் சேரலாம் என்றும் டாக்டர் சொன்னார்.

அவருக்கு உடனே விருப்பம் வந்துவிட்டது. எனக்குத்தான் வரவில்லை. ஊரில் வேறு ஆளா இல்லை, உங்களை வைத்தா சோதிக்க வேண்டும் என்று போகிற வழியெல்லாம் சண்டை பிடித்தேன். ஆனால் அந்த ஆராய்ச்சி வேலைகளைக் கவனித்துக்கொண்ட பெண்ணைப் பார்த்ததும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. நாங்குநேரிப் பக்கத்துப் பிள்ளை. எங்கள் மகளைவிடச் சின்னவள். எங்களை உட்காரவைத்து, சம்மதத்தைப் பதிவு செய்யக் கேமராவை ஓடவிட்டு, ஒவ்வொரு பக்கமாகப் படித்துக் காட்டி, புரிகிறதா புரிகிறதா என்று கேட்டுக் கேட்டு விளக்கினாள். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். அவ்வளவு பொறுமையை நான் என் பெற்ற பிள்ளையிடமே கண்டதில்லை.

அவளிடம் ஒரே ஒரு கஷ்டம், வாயைத் திறந்தால் இங்கிலீஷ் எழுத்துகளாக உதிரும். நாங்கள் கையெழுத்துப் போட்ட சம்மதப் பத்திரம் ஐ.சி.எஃப். ஆராய்ச்சிக்குப் பொறுப்பான பெரிய டாக்டர் பி.ஐ. சோதிக்கிற மாத்திரை ஐ.பி. இந்த வேலைகளை ஒருங்கிணைக்கிற அவளே ஒரு சி.ஆர்.சி. எல்லாவற்றிலும் முக்கியம் ஏ.இ. மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு உடம்பில் புதிதாக என்ன வந்தாலும், அது தலைவலியோ தும்மலோ, அதற்குப் பெயர் ஏ.இ. அது மாத்திரையால் வந்ததா, வேறு எதனாலாவது வந்ததா என்று பார்ப்பது அவர்கள் பாடு. ஒன்று விடாமல் சொல்வது மட்டும்தான் நம் பாடு.

எனக்குத் தலை கிறுகிறுத்தது. அவருக்கோ ஒரே குஷி. டெப்போ உத்தியோகமே பி.எம்., எஃப்.சி., டி.ஏ. என்று எழுத்துகளில் ஓடியதுதானே. வீட்டுக்கு வந்தும் அதே பாஷை. மாத்திரை சாப்பிட்டாச்சா என்று கேட்டால், ஐ.பி. உள்ளே போயாச்சு என்பார். யாராவது உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், எல்லாம் எங்க வீட்டு பி.ஐ.யைத்தான் கேக்கணும் என்று என்னைக் காட்டுவார்.

ஆராய்ச்சிக் காகிதங்களில் அவருடைய பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான். அது அந்த வேலையின் சட்டம். அந்தப் பிள்ளை அவரை டிரைவர் ஐயா என்று கூப்பிடும். அவரும் மாதாமாதம் போகும்போது, வேண்டாம் வேண்டாம் என்று அவள் எவ்வளவு சொன்னாலும், எங்கள் வீட்டு முருங்கைக்காயைத் தாளில் சுற்றி எடுத்துப் போவார். மாத்திரை கேட்கிறதோ இல்லையோ, அவளைப் பார்த்துவிட்டு வந்தால் அன்று முழுக்க முகம் தெளிச்சியாக இருக்கும்.

ஒரு மாதம், நடுவில் இரண்டு நாள் வாந்தி எடுத்ததை அவர் அவளிடம் சொன்னார். அவ்வளவுதான், ஏ.இ. வந்துவிட்டது. எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, என்ன சாப்பிட்டீர்கள், வேறு மருந்து எடுத்தீர்களா என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். இடையில் மருந்துக் கம்பெனியின் சென்னை ஆபீஸிலிருந்து போன். ஏதோ ஒரு விவரம் விட்டுப்போனதற்கு அந்தப் பக்கம் யாரோ சத்தம் போடுவதும், இவள் சரி சார் சரி சார் என்பதும் எங்களுக்கே கேட்டது. நாங்கள் டவுனில் ஒரு சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு, பொழுது அடையும் நேரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். அங்கே அவள் நாங்குநேரி பஸ்ஸுக்காக நின்றபடி பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாடே அதுதானாம்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது இவர், நான் வாந்தி எடுத்ததற்கு அந்தப் பிள்ளை பட்டினி கிடக்க வேண்டுமா என்று முணுமுணுத்தார். பாவம் என்று நானும் சொன்னேன். அந்தப் பாவம் எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அவர் ஏ.இ. சொல்லவே இல்லை. அவள் கேட்பாள், இவர் சுகமாக இருக்கிறேன் என்பார். நானும் நம்பினேன். ஒரு தடவை மட்டும் மருத்துவமனைக்குப் போகக் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. என்ன என்று கேட்டதற்கு, லேசான கிறுகிறுப்பு, வெயில்தான், அங்கே வந்து நீ வாயைத் திறக்காதே என்றார். வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு நான் பிறக்கவில்லை என்பது இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவமனையில் அவள் வழக்கம்போலக் கேட்டாள். அவர் வழக்கம்போலச் சிரித்தார். எடை பார்ப்பதற்கு அவரை எழுந்து நிற்கச் சொன்னாள். எழுந்தவர் அப்படியே சாய்ந்தார். அவள் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை, கிறுகிறுப்பை மறைத்ததைப் போட்டு உடைத்துவிட்டேன். அவள் அவருடைய கண் இமையை இழுத்துப் பார்த்தாள். வெளிக்குப் போவது என்ன நிறத்தில் இருக்கிறது என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வாரமாகக் கறுப்பாகப் போகிறது என்றார்.

ஏன் ஐயா சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். அவர் சொன்ன பதிலை என்னால் மறக்க முடியாது.

"சொன்னா நீ ராத்திரி வரைக்கும் எழுதிட்டுக் கெடக்கணுமே தாயி. ஏச்சு வேற வாங்குத."

அவள் ஓடிப்போய்ச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள், பெரிய டாக்டரைக் கூப்பிட்டாள். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது என்றார்கள். ரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, கசிந்த இடத்தை அடைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்து வந்திருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாதம்மா என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை வார்டுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் ஏ.இ.க்கு முன்னால் ஓர் எஸ் சேர்ந்துகொள்ளுமாம், அது கடுமையானது என்று அர்த்தமாம். அதற்கு எழுதுவது இன்னும் பெரிய வேலை. இவர் அதைக் கேட்டுவிட்டு, உனக்குச் சின்ன வேலையை மிச்சம் பிடிக்கப் போய்ப் பெரிய வேலையாக வைத்துவிட்டேனே என்று வருத்தப்பட்டார். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுதத்தானய்யா நான் இருக்கேன். நீங்க எனக்காவ மறைச்சா, நாளைக்கு இதே மாத்திரையத் திங்கப் போறவங்களுக்கு ஆரு சொல்லுவா?"

மலையேறும் வண்டியில் பிரேக்கில் துளி சத்தம் கேட்டாலும், டெப்போவில் மெக்கானிக்கிடம் சொல்லாமல் சாவியை ஒப்படைக்காதவர் அவர். அதற்காக மெக்கானிக்குகளிடம் திட்டு வாங்கியவர். என் பக்கம் திரும்பினார்.

"பிரேக்குல சத்தம் கேட்டும் சொல்லாம, அடுத்த டிரைவர் கையில வண்டியக் குடுத்திருக்கேம்ட்டீ" என்றார்.

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். திட்ட வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த மாத்திரையை அவருக்கு நிறுத்திவிட்டார்கள். ரத்தக் கசிவு அதனால்தான் வந்ததா என்று யாரும் உடனே அடித்துச் சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்தது நிஜ மருந்தா, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையா என்பதே அந்தப் பிள்ளைக்கும் தெரியாதாம், அப்படித்தான் ஆராய்ச்சியை அமைப்பார்களாம். ஆனால் அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். இவரும் கொசு கடித்ததிலிருந்து ஆரம்பித்துச் சொல்லுவார். நேற்று வீட்டில் வைத்த சாம்பாரையும் ஏ.இ.யில் சேர்த்துக்கொள் தாயி என்று என் முன்னாலேயே சொல்லி அந்தப் பிள்ளையைச் சிரிக்க வைத்தார்.

அவள் இப்போது வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். பொங்கலுக்குப் போன் செய்வாள். முருங்கைக்காய் காய்க்கும்போதெல்லாம் இவர் அவளைச் சொல்லுவார். இவருக்கு இப்போது வேறு மருந்து. விரல்கள் கொஞ்சம் மடங்குகின்றன.

மருந்துக் கடையிலிருந்து புது மாத்திரை வாங்கி வந்தால், உள்ளே மடித்து வைத்திருக்கிற காகிதத்தை முன்பெல்லாம் நான் கசக்கி எறிந்துவிடுவேன். இப்போது அவர் அதை விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பொடி எழுத்தில் இருக்கிற பக்க விளைவுகளைத் தமிழாக்கி எனக்குச் சொல்லுவார்: வாந்தி வரலாம், கிறுகிறுப்பு வரலாம். கேட்கும்போதெல்லாம், எங்கேயோ யாரோ ஒருவர் மறைக்காமல் வாய் திறந்து சொன்னதால்தானே இது இங்கே அச்சாகி இருக்கிறது என்று, முகம் தெரியாத அந்த மனிதரை நான் மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.