கம்ப்யூட்டருக்கு ஊதுவத்தி காட்டிய காலை

பிள்ளைகளே, என் மகளுக்கு அன்று வேலைக்கான நேர்காணல். நேரில் போக வேண்டியதில்லை, வீட்டுக் கம்ப்யூட்டரில் பேசினால் போதும். ஆனால் எங்கள் கம்ப்யூட்டர் கால் மணி நேரம் ஓடினால் சூடேறித் தானாகவே அணைந்துவிடும். அணைவதற்கு முன் மாவு மிஷின் மாதிரி இரையும்.

"நைனா, பேசிக்கினு இருக்கசொல்லோ இது ஆஃப் ஆச்சுன்னா, என் வேலையும் அதோட பூடும்" என்றாள்.

முந்தின நாளே கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பார்த்திருந்தேன். திருவொற்றியூர் தூசியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே ஃபேனே தெரியவில்லை, கறுப்புக் கம்பளி மாதிரி ஏதோ சுற்றியது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, மூன்று புது ஃபேன் வாங்கி வந்தேன். நமக்கு வேர்த்தால் ஃபேனை நம் பக்கம்தானே திருப்புகிறோம்? அதே நியாயப்படி முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, மூன்றும் உள்ளே பார்த்து ஊதும்படி முடுக்கினேன்.

நேர்காணல் அன்று காலை ஓட்டிப் பார்த்தால், பெட்டி முன்னைவிடச் சூடானது. இரைச்சலும் கூடிவிட்டது.

நான் சாத்தாங்காட்டில் இரும்பு வெட்டுகிறவன். வெட்டும்போது புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம்தான் நிற்போம். காற்று கண்ணுக்குத் தெரியாது, புகை தெரியும். அதனால் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி, முட்டி போட்டு, பெட்டியைச் சுற்றிக் காட்டினேன். முன்பக்கம் புகை உள்ளே போனது. பின்பக்கம் காட்டினேன், அங்கேயும் உள்ளேதான் போனது. எல்லோரும் பஸ்ஸில் ஏறுகிறார்கள், ஒருவரும் இறங்கவில்லை. உள்ளே இருப்பவர்கள் கதி என்ன?

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா சர்க்கரை கேட்டு வந்தார். என் கோலத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நான் நடந்ததையெல்லாம் விளக்கினேன். பக்தியோடு கேட்டுக்கொண்டார்.

"அப்படியே எங்க வூட்டு ஃப்ரிட்ஜுக்கும் ஒரு சுத்து காட்டிடுண்ணா" என்றார்.

சொல்லிவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எழுப்ப நேரமில்லை. ஃபேனில் குறுக்குச் சட்டம் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியே வரும். பின்பக்க ஃபேனைக் கழற்றி, அந்தச் சட்டம் வெளியே பார்க்கும்படி திருப்பினேன். அதிர்வு அடங்கப் பழைய சைக்கிள் ட்யூபைச் சின்னதாக வெட்டி, திருகாணிகளுக்கு அடியில் வைத்தேன். குறுக்கே கிடந்த ஒயர்களை ஓரமாகக் கட்டினேன். மகள் ஃபேன்களின் வேகத்தைக் குறைத்தாள். மறுபடி ஊதுவத்தியை முன்னால் காட்டினேன்.

பின்னாலிருந்து அக்கா இருமினார்.

"இன்னொரு தபா இருமும்மா" என்றேன்.

"நானா வேணும்னு இருமுறேன்? பொகை மூஞ்சி மேலயே வருதுண்ணா."

எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், குளித்துவிட்டு வந்த குழந்தையின் முதுகு மாதிரி இருந்தது. சத்தமே இல்லை.

நேர்காணல் தொடங்கிய பிறகுதான் இன்னொன்று புரிந்தது. இத்தனை நாளாக எங்கள் வீட்டுச் சத்தத்தையெல்லாம் அந்தப் பெட்டியின் இரைச்சல்தான் மூடி வைத்திருந்திருக்கிறது. இப்போது குக்கர் விசில் கேட்டது. தெருவில் கன்டெய்னர் லாரி அடித்த ஹார்ன் கேட்டது. பூஜை முடியும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்த அக்கா, எண்ணூர்வரை கேட்கும் ரகசியக் குரலில், "இன்னா கேக்குறாங்கோ?" என்றார்.

திரையில் இருந்த மேடம் பேச்சை நிறுத்திவிட்டு, யார் அது என்று கேட்டார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"எதிர்வூட்டு அக்கா மேடம். நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்றேன்" என்று என் மகள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

வேலை என்ன தெரியுமா? நாள் முழுக்க போனில் சத்தம் போடுகிறவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வது. இவ்வளவு அமளியிலும் தடுமாறாத பெண்ணைத்தான் தேடிக்கொண்டிருந்தோம், வேலையில் சேர்ந்துவிடுங்கள் என்று மேடம் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியிருந்தார்கள். கம்ப்யூட்டர் தானாக அணையவில்லை. நன்றி சொல்லிவிட்டு என் மகள்தான் அணைத்தாள்.