ராக்கம்மா அக்கா நிறுத்தி வைத்த வாக்கியம்

"சார், முதல் பாதியோட நிறுத்திட்டா தப்பா?"

இப்படி என்னிடம் ஒருமுறை கேட்ட ராக்கம்மா அக்கா இன்று காலை போய்விட்டார். ஈப்போவில், மகள் வீட்டில். தொண்ணூறைத் தாண்டியவர்.

சிங்காரம் அண்ணன்தான் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார். "சார்... நம்ம ராக்கம்மா அக்கா போய்ட்டாங்க சார். சாயங்காலம் எடுக்குறாங்க. வர முடியுமாலா?"

முடியாது. நான் கமுந்திங்கில் மகன் வீட்டில் இருக்கிறேன், முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. இந்த மாதிரிச் செய்திகளை எண்ணுவதையும் விட்டுவிட்டேன்... எழுதவாவது செய்கிறேன்.

இருபது வருடம் இருக்கும். புந்தோங்கில் ஒரு கோயில் மண்டபம், ஞாயிற்றுக்கிழமை காலை, பெரியவர்களுக்கு நான் எடுத்த இலவச இங்கிலீஷ் வகுப்பு. லோரி ஓட்டி ரிட்டையர் ஆன சிங்காரம் அண்ணன் முதல் வரிசை. அக்கா அவருக்குப் பின்னால், எழுபது வயதில் புது நோட்டுப் புத்தகத்தோடு.

அக்காவுக்கு ஒரே தம்பி, நியூசிலாந்தில். சின்ன வயதிலேயே இங்கிலீஷ் பள்ளி விடுதியில் விடப்பட்டவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றுதான் அக்கா வந்தார்.

"போன்லயே சொல்லலாமே அக்கா?"

"போன்ல சொன்னா நான் அழுதுடுவேன், அவன் கத்துவான். எழுதுனா கடைசி வரைக்கும் படிச்சுத்தானே ஆவணும்."

சிம்பிள் வாக்கியம் இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. I made coffee. அடுத்தது காம்பவுண்ட். I made coffee and he drank it. இரண்டு பாதியும் தனித்தனியாக நிற்கும், and நடுவில் கை கோத்துவிடும். அதுவும் வந்துவிட்டது.

பிறகு காம்ப்ளெக்ஸ். When the rain stopped, we went to the market என்று போர்டில் எழுதினேன். "மழை விட்டதும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் கேட்பவர் என்ன செய்வார்?

"பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிப்போம் சார்," என்றார் சிங்காரம் அண்ணன். "வருது வருதும்பான், வரவே வராதுலா."

மண்டபமே சிரித்தது. அக்காவும் சிரித்தார்.

காத்திருக்க வைப்பது துணைப் பகுதி, தனியாக நிற்கக்கூடியது முதன்மைப் பகுதி, இரண்டும் சேர்ந்தால்தான் முழு வாக்கியம் என்றேன். சொந்த வாக்கியம் ஒன்று எழுதி வரச் சொன்னேன்.

அக்கா எழுதி வந்தது: When the clerk called my father's name, ... அவ்வளவுதான். கிளார்க் அப்பா பேரைக் கூப்பிட்டபோது, ஒரு கமா. பிறகு வெள்ளைத் தாள்.

சிவப்பு மையில் Incomplete என்று எழுதினேன். அடுத்த வாரமும் அதே வரி, அதற்கடுத்த வாரமும் அதே வரி. நானும் மூன்று தடவை சிவப்பு மை. அக்காவுக்குப் புரியவில்லை என்று நினைத்து மழை, மார்க்கெட், பஸ் என்று உதாரணமாக அடுக்கினேன்...

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். முதல் பாதியோடு நிறுத்திவிட்டால் தப்பா என்று.

"தப்பில்ல அக்கா, ஆனா படிக்கிறவருக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியாதே," என்றேன்.

நாலாவது வாரம் நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். When the clerk called my father's name, I answered.

வகுப்பு கலைந்த பிறகு சொன்னார். ஜப்பான்காரன் காலம், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம், அவருக்கு ஒன்பது வயது. விடிகாலையில் எல்லாரும் வரிசையில் நிற்க, தோட்டத்து கிளார்க்கான கிராணி பேர் கூப்பிடுவார். அதற்குப் பெரட்டு என்று பெயர்.

"அப்பா எப்பவும் லேட்டு சார். பேர் கூப்பிட்டா நாந்தான் 'இருக்காருங்கய்யா'ன்னு குரல் குடுப்பேன். இல்லன்னா அன்னிக்கு வேலையும் இல்ல, அரிசியும் இல்ல. எல்லா வீட்டுப் புள்ளைங்களும் அப்படித்தான்."

"அன்னிக்கு கிராணி பக்கத்துல ரெண்டு ஜப்பான்காரன், பின்னால லோரி. சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் எடுக்க வந்திருக்கானுங்க. அப்பா முன்னாடியே பெலுக்கார் புதருக்குள்ள ஒளிஞ்சுட்டாரு. எனக்கு யாரும் சொல்லல சார்."

"கிராணி ஒருதடவை கூப்பிட்டாரு. ரெண்டாவது தடவை மெல்லமா கூப்பிட்டாரு. ஆள் ஓடிட்டான்னு கிறுக்கறதுக்குப் பென்சிலைச் சாய்ச்சுட்டாரு... நான் கத்திட்டேன். இருக்காருங்கய்யான்னு."

ஆள் இங்கேதான் என்று தெரிந்ததும் அப்பாவைத் தேடிப் பிடித்து லோரியில் ஏற்றிவிட்டார்கள். சயாமிலிருந்து அவர் வரவில்லை. தம்பி அப்போது அம்மா வயிற்றில்.

"கிராணிதான் காட்டிக் குடுத்தான்னு தம்பி இன்னும் திட்டிக்கிட்டு இருக்கான் சார். நானும் ஆமாம் ஆமாம்னு கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். அந்தக் கிராணிக்கும் புள்ளைங்க இருந்திச்சு. இதைப் படிச்சுட்டுத் தம்பி பேசாமலே போயிட்டான்னா?"

நோட்டை மூடி அக்கா கையில் கொடுத்தேன்.

கடிதத்தை அக்காவே தபாலில் போட்டார். பதில் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் வந்து உட்கார்ந்து, கேட்டதை எழுதிவிட்டுப் போவார். சிங்காரம் அண்ணன்கூட கிண்டலைக் குறைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு உறை வந்தது. உள்ளே ஒரே வரி.

You were nine.

அக்கா விரலை வைத்துப் படித்தார். மறுபடியும் படித்தார். "இது எந்த வகை சார்?"

"சிம்பிள், அக்கா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அந்த வருடக் கடைசியில் தம்பி ஈப்போ வந்து இரண்டு வாரம் அக்காவோடு இருந்துவிட்டுப் போனார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

போய் வாருங்கள் அக்கா. பெரட்டு கலைந்துவிட்டது.

இதைப் படிப்பவர்கள் ஒரு தாள் எடுங்கள். When என்று தொடங்கி, உங்கள் வீட்டில் நடந்தது ஒன்றை எழுதுங்கள். கமாவோடு நிறுத்தாதீர்கள்.