சொல்லாமல் விட்ட பாதி

அடிபம்பு ஃபிட்டருக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த அளவுக்குப் பேச வராது. ஆனாலும் குடிநீர் அலுவலகம் அவரைத்தான் தெருத்தெருவாக அனுப்பியது. ஆர்சனிக் கலந்த தண்ணீர் வந்த பம்புகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார். துவைக்க, குளிக்க ஆகும் என்று கைப்பிடியைக் கழற்றவில்லை. வீடு வீடாகப் போய், "குடிக்க இனிமே கிணத்துத் தண்ணிதான்" என்றார்.

எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: பம்புத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் என்ன?

"காய்ச்சினாலும் அந்த விஷம் போகாது. காய்ச்சறது வீண் வேலை."

சொல்லிச் சொல்லி அவருக்கு அது மனப்பாடமாகிவிட்டது. சொன்னதில் பொய்யும் இல்லை.

அக்கா வீட்டிலும் அதையே சொன்னார். அக்கா தையல்காரி. வருஷக்கணக்கில் பம்புத் தண்ணீர் குடித்ததில் உள்ளங்கை சொரசொரவென்று தடித்துப்போய், வழுவழுப்பான துணியைத் தொட்டால் நூல் சிக்கும். வாசலுக்கு எதிரேயே சிவப்பு பம்பு. மற்றவர்கள் முணுமுணுத்தபடி குடம் தூக்க, அவள் மறுபேச்சில்லாமல் கிணற்றுக்கு நடந்தாள். "என் தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்." வெந்நீர்ப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

மழை பிடித்தது. தெருச் சாக்கடை கிணற்றோரமாகத்தான் ஓடியது. வயிற்றுப்போக்கில் அக்கா சுருண்டு விழ, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் டிரிப்ஸ் ஏறியது.

"தண்ணியக் காய்ச்சிக் குடிக்கலையா?" என்றாள் நர்ஸ்.

அக்கா தம்பியைக் கைகாட்டினாள். "இவன்தான் வீண் வேலைன்னான்."

அவருக்குக் காது சுட்டது. காய்ச்சினால் போகாதது ஆர்சனிக்தான்; கிணற்றுக் கிருமி செத்துப்போகும். அவருக்குத் தெரியாததல்ல. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மறுநாளே வீடு வீடாகப் போய்த் திருத்திச் சொன்னார். தலையாட்டினார்கள்.

அக்கா ஆட்டவில்லை. வீடு திரும்பியதும் நேராகச் சிவப்பு பம்புக்குப் போனாள்.

"வேணாங்க்கா. உன் கையப் பாரு."

"இது மெதுவாத்தான் கொல்லும். உன் கிணறு மூணே நாள்ல பார்சல் கட்டிடும்டா."

"கிணத்துத் தண்ணியக் காய்ச்சினா ஒண்ணும் ஆகாது."

"போன மாசம் காய்ச்சாதேன்ன. இப்போ காய்ச்சுங்கற. அடுத்த மாசம் தண்ணியே குடிக்காதேம்பியா?"

அதன்பின் தினமும் காலையில் வந்து, கிணற்றில் இறைத்து, அவரே காய்ச்சி மூடி வைத்துவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்துப் பாத்திரம் காலியாக இருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"குடிச்சியாக்கா?"

"சட்டி கழுவினேன். சூட்டோட ஊத்தினா எண்ணெய்ப் பிசுக்கு நல்லாப் போகுதுடா."

அவர் குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி கிணற்றுக்குப் போனார்.