கேரம் பலகைக்கு ஒரு மீன்தோல்

செம்பூர் மார்க்கெட்டில் கருவாட்டுக் கூடைகளைக் கடக்கும்போது கூட வருகிறவர்கள் தலைப்பால் மூக்கை மூடிக்கொள்வார்கள். எனக்கோ விரல் துடிக்கும். ஆள்காட்டி விரல் தானாக வளைந்து கட்டைவிரலுக்குள் ஒளிந்து, எதையோ சுண்டிவிடத் தயாராக நிற்கும். மீன் அறியாத வயிறு இது. ஆனாலும் அந்த வாசனை ஏறிவிட்டால் மாட்டுங்கா வீட்டின் பின்பக்க பால்கனி, மரத்தூள், வெயில், என் நாத்தனாரின் சிரிப்பு எல்லாம் ஒரே மூச்சில் வந்து மோதும்.

யுத்த காலம் அது. எங்கள் கட்டிடத்து மொட்டைமாடியில் ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கேரம் பந்தயம் நடக்கும், ஆண்களுக்கு மட்டும். அதற்குக் காரியதரிசி என் மாமனார். அவர் மகள், என் நாத்தனார், கதவோரம் நின்றே ஆட்டத்தைக் கற்றவள். டிரங்குப் பெட்டியின் மூடியில் கோட்டுப் பொத்தான்களை வைத்துப் பழகி, எந்த மூலையில் இருந்த பொத்தானையும் சுண்டி வீழ்த்துவாள். கல்யாணமாகியிருந்தது. ஜபல்பூரில் வீடு பார்த்துவிட்ட மாப்பிள்ளை வரும் ஞாயிறு சாயங்காலம் அழைத்துப்போக வருகிறார் என்று தெரிந்த அன்று அவள் அழவில்லை, குதிக்கவுமில்லை. நேரே அப்பாவிடம் போய் நின்றாள்.

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவை அந்த ரூம்ல நான் ஆடணும்."

"எங்க போர்டுல பொம்மனாட்டிகள் கை வைக்கப்படாதுடி. கமிட்டி தீர்மானம்."

"எங்க போர்டைக் கொண்டு வந்தா?"

"உங்களுக்கு ஏதுடி போர்டு?"

"மன்னி பண்ணுவா."

மாமனார் என்னைப் பார்த்தார். நான் அடுக்களை வாசலில் நின்று கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டிருந்தேன். "பண்ணட்டுமே," என்று சிரித்தார். "காய் எங்கேயும் திக்காம வழுக்கிண்டு ஓடித்துன்னா, ஆடிக்கோ. நானே எடம் விடறேன்."

பண்ணுவேன். ஏன் பண்ணமாட்டேன்? மர டிப்போக்காரர் மகள் நான். சீர்வரிசையோடு ஒரு ரம்பமும் இழைப்புளியும் சுத்தியலும் கொண்டுவந்தவள் என்று கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பின்பக்க பால்கனிதான் என் பட்டறை. அங்கே உலர்த்திய வேட்டிகளை மரத்தூள் போக உதறித்தான் கட்டவேண்டும். தேயிலைப் பெட்டியின் பலகை ஒன்று சதுரமாகக் கிடைத்தது. சாமான் வந்த பெட்டிச் சட்டங்களை அறுத்து நான்கு பக்கமும் அடித்தேன். மூலைகளில் ஓட்டை. பார்வைக்குக் கேரம் பலகைதான். ஆனால் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் அது பாதி வழியில் நின்று யோசித்தது.

"தேய்க்க உப்புத்தாள் வேணும்," என்றேன். "நல்ல நைஸா."

நாத்தனாரும் நானும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினோம். இறங்கினோமா, பறந்தோமா! மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு குஜராத்தி சேட்டின் இரும்புக்கடை. நான் முந்திக்கொண்டு, என் ஹிந்தியின் முழுப் பெருமையோடு, "நமக் காகஸ் தீஜியே," என்றேன். நம் உப்புத்தாளைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, உப்புக் காகிதம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன்! சேட் என்னைப் பரிவோடு பார்த்து, எதிரே இருந்த பலசரக்குக் கடையைக் காட்டினார். நாங்களும் போனோம். அந்தக் கடைக்காரர் ஒரு பிடி உப்பைப் பழைய பேப்பரில் கட்டி, "நமக், காகஸ், தோனோ," என்று, உப்பும் காகிதமும் இரண்டும் ஆயிற்று என்கிற திருப்தியோடு நீட்டினார்.

நாத்தனார் நடுத்தெருவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

உப்புப் பொட்டலத்தோடு திரும்பி வந்து, உள்ளங்கையால் கல்லாமேசையைத் தேய்த்துக் காட்டினேன். சேட்டின் முகம் மலர்ந்தது. "அடடே, மரம் தேய்க்கற பேப்பரா? அதை முன்னாடியே சொல்லப்படாதோ, மாமி?" மாட்டுங்காவில் கடை வைத்த பலன், எங்காத்துத் தமிழ் அவர் வாயில் தளும்பியது.

தாள்களை எடுத்துப் போட்டார். கண்ணாடித்தூள் ஒட்டிய தாள்கள், எல்லாமே சொரசொரப்பு. நைஸ் ரகம் மிலிடரிக்குப் போய்விட்டதாம். குதிகால் தேய்க்கிற நுரைக்கல் ஒன்றைக் காட்டினார். அது பலகையில் பள்ளம் போடும் என்று ஒதுக்கினேன். நாத்தனாரின் முகம் வாடுவதைப் பார்த்தோ என்னவோ, சேட் மேசைக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். உள்ளே சாம்பல் நிறத்தில், காய்ந்த அப்பளம் போல விறைத்த இரண்டு துண்டுகள்.

"என்ன இது?"

"மச்லி தோல். திருக்கைனு சொல்லுவா. படகு பண்றவா வாங்கிண்டு போவா."

"மீனா! மன்னி, வா, போயிடலாம்."

எனக்குக் காலே நகரவில்லை. தொட்டேன். ஒரு துண்டில் கடுகு கடுகாக மணிகள். மற்றதில் கண்ணுக்கே தெரியாத பொடி மணல், பூனை நாக்கு போல. கல்லாமேசையின் ஓரத்தில் தாளால் ஒரு இழுப்பு, கடுகுத் தோலால் ஒரு இழுப்பு, பூனை நாக்கால் ஒரு இழுப்பு. தாள் கீறியது. கடுகு உழுதது. பூனை நாக்கு நக்கிய இடமோ, ஐயோ, வெண்ணெய்! இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். கண்ணை மூடித் தேய்த்தேன்.

"மாமி, மேஜையைத் தேய்ச்சே தீர்த்துடாதேங்கோ!"

"கையை வெச்சுப் பாருடி."

நாத்தனார் தலைப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு ஒற்றை விரலால் தொட்டாள். விரல் வழுக்கிக்கொண்டு போனது. மூக்கிலிருந்து தலைப்பு தானாக நழுவியது. "இதையே வாங்கிடு, மன்னி," என்றாள்.

சட்டங்களுக்குச் சொரசொரப்புத் தாள், பலகைக்குப் பூனை நாக்கு. தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிச் சட்டத்தை வழித்தேன். பலகையை ஈரத்துணியால் ஒற்றினால், குளிரில் மயிர் சிலிர்ப்பதுபோல மரத்தின் நார் எழும். காயவிட்டு, ரேகை போகிற வாக்கிலேயே தோலை ஓட்டினால் அடங்கும். மறுபடி ஈரம், மறுபடி சிலிர்ப்பு, மறுபடி அடக்கம். நாங்கள் மாறி மாறித் தேய்த்தோம், பாடிக்கொண்டே தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்கத் தோல் சூடேறியது. சூடேற ஏற, கடல் எழுந்து வந்து எங்கள் பால்கனியில் உட்கார்ந்துகொண்டது.

மாமனார் வந்து நின்றார். "என்னடி நாத்தம்?"

நான் தோலை மடியில் மறைத்தேன். நாத்தனார் கண் இமைக்காமல், "வஜ்ரம்ப்பா," என்றாள். மரம் ஒட்டுகிற தச்சுப்பசைக்குத்தான் அந்தப் பெயர். மாமனாருக்குக் காது சற்று மந்தம்.

"வஞ்சிரமா! சிவ சிவா, எங்காத்துலயா?"

"வஞ்சிரம்னா என்னப்பா?"

"மீன்டீ! தவால வாட்டினா இந்த…" பேச்சு அப்படியே நின்றது.

"தவால வாட்டினா எப்படி நாறும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆபீஸ்ல… பக்கத்து மேஜை மெட்ராஸ்காரன்… டிபன் டப்பா…"

"தின்னேளா?"

"மோந்தேண்டி! மோந்தேன், அவ்வளவுதான்!" மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர், ஞாயிறுவரை பால்கனிப் பக்கமே வரவில்லை.

ஞாயிறு மதியம் பலகையை மொட்டைமாடிக்கு ஏற்றினோம். கமிட்டி மாமா ஒருவர், "தோசை வார்க்கலாமே இதுல," என்றார். மாமனார் போரிக் பவுடரைத் தூவி, ஸ்ட்ரைக்கரைச் சுண்டினார். அது பக்கத்துக்குப் பக்கம் இடித்து, வளைந்து, எங்கேயும் திக்காமல் அவர் கைக்கே திரும்பி வந்தது. மறுபடி சுண்டினார். சோதனைக்கு ஒரு தடவை போதும். அவரோ சுண்டிக்கொண்டே இருந்தார், முகமெல்லாம் பல்லாக.

"ம்," என்றார் கடைசியில். "ஒக்காருடி."

உட்கார்ந்தாள். தோசைக்கல் மாமாவை முதலில் வீழ்த்தினாள். அடுத்து வந்தவரையும் வீழ்த்தினாள். அறை நிரம்பியது, படிக்கட்டு நிரம்பியது, அடுக்களைகளெல்லாம் காலியாகி மாமிகள் ஜன்னலில் தொங்கினார்கள். கடைசியாக எதிரே வந்து உட்கார்ந்தவர் அவளுடைய அப்பா. காய்கள் பேசின. சிவப்பை அவள் போட்டபோது ஜன்னல் பக்கம் கூச்சல் எழுந்தது. பாதி ஆட்டத்தில், அவள் முறை வந்தபோது, கீழே குதிரைவண்டி மணி கேட்டது. மாப்பிள்ளை படியேறி வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார், தாதரில் ரயில் காத்திருக்காது என்று.

அவள் ஸ்ட்ரைக்கரைப் பலகையிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். புடவையில் பவுடர் வெள்ளை வெள்ளையாக. பெட்டியும் கூஜாவும் வண்டியில் ஏறின. என்னை இறுகக் கட்டிக்கொண்டு, விட்டுவிட்டு, ஏறினாள். மாமனார் மட்டும் இன்னும் இறங்கி வரவில்லை. வண்டி அசைந்த பிறகுதான் மூச்சிரைக்க வாசலுக்கு ஓடிவந்தார்.

அவள் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினாள்: "அப்பா, இப்போ என் கை! காயை ஒருத்தரும் நகர்த்தப்படாது!"

அவர் சாவியை உயரத் தூக்கிக் காட்டி, அதைவிட உரக்கக் கத்தினார்: "ரூமைப் பூட்டிட்டுத்தாண்டி வந்திருக்கேன், போயிட்டு வா!"