குழை முறித்து வைத்த காலை

மாமா, அதாவது என் கணவரின் தகப்பனார், தொண்ணூறுகளில் லண்டன் ரெய்னர்ஸ் லேனுக்கு எங்களிடம் வந்தார். சண்டைக்குள் கிளிநொச்சி வயலையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்த மனிதர், கொண்டுவந்த பையை மட்டும் அவிழ்க்கவே இல்லை. நான் தோய்த்து மடித்துக் கொடுக்கிற வேட்டியும் திரும்பப் பைக்குள்தான் போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அலுமாரி சும்மாதானே கிடக்கு, மாமா?"

"நான் விருந்தாளி, பிள்ளை. விதைப்புக்குப் போயிடுவன்."

போனால் தகப்பனை உயிரோடு காணமாட்டோம் என்று இவர் பயந்தார். பின்வளவில் முட்பற்றை ஆளுயரம் வளர்ந்து நின்றது. அதையாவது வெட்டித் தாருங்கள் என்று கேட்டால், "ஆற்றையோ காணி, என்ரை இல்லை" என்பார். அவரிடம் ஓம் வாங்குவதைவிடக் கல்லில் நார் உரிக்கலாம்.

மழைப் பின்னேரங்களில் ஹீட்டரோடு ஒட்டியிருந்து காடு வெட்டிய காலத்தைச் சொல்லுவார். குளத்துக்குக் கீழே அரசாங்கம் காணி கொடுத்தபோது, காய்ச்சலில் சாகவோ போறாய் என்று யாழ்ப்பாணத்தார் சிரித்தார்களாம். சிரித்தவர்களில் என் ஆட்களும் இருந்திருப்பார்கள். யானைக்குப் பயந்து பரணில் படுத்தது, வெட்டிய மரங்கள் மாதக்கணக்கில் புகைந்தது, பெயரில்லாத ஊருக்கு வாய்க்கால் இலக்கமே பெயரானது. கேட்டுக்கொண்டே நான் கண்ணயர்வேன். தூரத்து ரயில், குளத்துக் கதவு திறந்து தண்ணீர் வருவதுபோல் இரையும். எது லண்டன், எது காடு என்று கொஞ்ச நேரம் தெரியாது.

"இருக்கப்போறவன் கோடரி எடுக்க முன்னம் ஒரு இலைக்குழை முறிச்சு மரத்தடியில வைக்கவேணும். பிள்ளையாரே, இருக்க விடும் எண்டு கேக்கவேணும். கேட்டுத்தான் இருந்தனாங்கள்."

சித்திரை மாதம் வவுனியாவிலிருந்து அவருடைய பழைய அயலவர் போன் எடுத்தார். வாய்க்கால் பக்கம் ஒரு சனமும் இல்லையாம், வயலெல்லாம் திரும்பவும் பற்றை மூடிவிட்டதாம். மாமா போனை வைத்தார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

அடுத்த நாள் காலை குசினி ஜன்னலால் பார்த்தேன். இவருடைய பெரிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கையில் கத்தியோடு மாமா பின்வளவில் நின்றார். அப்பிள் மரத்தில் ஒரு குழை முறித்து, அடியில் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டார்.

எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். "ஓடிவாங்கோப்பா, மாமா இருக்கப்போறார்!"

இவர் வந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார், கண் நிறைந்துவிட்டது.

"ஓம்," என்றார். "கிளிநொச்சிக் காணியை விட்டிட்டார்."